புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் விறகு ஸ்டவ்: எதைப் பார்த்து வாங்குவது?

கிராய்டன்வாசி

நண்பர்களுக்கு வணக்கம். தெற்கு லண்டனில் கிராய்டன் பக்கம் விக்டோரியா காலத்து வரிசை வீடு ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கிக் குடிவந்தோம். முன்னறையில் பழைய திறந்த கணப்பு ஒன்று இருக்கிறது; அதற்கு மேலே செங்கல் புகைபோக்கி கூரை வரை செல்கிறது. எரிவாயுக் கட்டணம் ஏறியபடி இருப்பதால், அந்தக் கணப்புக்குள் விறகு ஸ்டவ் ஒன்றைப் பொருத்தி, மாலை வேளைகளில் அந்த அறையை மட்டும் சூடாக்கிக்கொள்ளலாம் என்று நானும் மனைவியும் பேசிவருகிறோம்.

எங்கள் முகவரி புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வருகிறது. இரண்டு கடைகளில் விசாரித்ததில் குழப்பம்தான் மிஞ்சியது. முதல் கடைக்காரர் 8 கிலோவாட் ஸ்டவ்வைக் காட்டி, பெரிதாக வாங்கிவிட்டால் வேண்டியபோது தணித்து எரித்துக்கொள்ளலாம் என்றார். இரண்டாம் கடைக்காரரோ, 'ஈகோடிசைன்' என்ற முத்திரை இருந்தால் லண்டனில் எந்தத் தெருவிலும் எரிக்கலாம், வேறெதையும் பார்க்கத் தேவையில்லை என்றார். இருவர் சொன்னதும் சரிதானா? அறையின் நீளம் 4.2 மீட்டர், அகலம் 3.8 மீட்டர், உயரம் 2.7 மீட்டர். மரத்தரை, பழைய சுவர், சாளரங்களுக்கு மட்டும் புதிதாக இரட்டைக் கண்ணாடி போட்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஏழு வயதான எங்கள் இளைய மகனுக்குக் குளிர்காலத்தில் இழுப்பு வரும்; நீல இன்ஹேலர் எப்போதும் பையில் இருக்கும். புகை குறைவாக விடும் ஸ்டவ்வைத் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

லெஸ்டரிலிருந்து

ஐயா, இரண்டாம் கடைக்காரர் சொன்னதைத்தான் நானும் என் ஊர்க் கடை ஒன்றில் கேட்டு நம்பினேன். அதனால் பட்ட பாட்டை நீங்களும் படக்கூடாது என்பதற்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஈகோடிசைன் என்பதும் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கான விலக்கு என்பதும் வேறு வேறு. முதலாவது, 2022 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் விற்பனைக்கு வரும் புதிய ஸ்டவ்கள் அனைத்துக்கும் உரிய தயாரிப்பு விதி. வெளியேறும் புகைவளியின் ஒரு கனமீட்டரில் நுண்துகள் 40 மில்லிகிராமையும் கார்பன் மோனாக்சைடு 1,500 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது, வெப்பத்திறன் 65 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்று அது வரையறுக்கிறது. இரண்டாவது, 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்திலிருந்து வழிவழியாக வந்து 1993ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலைபெற்ற ஏற்பாடு. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் அனுமதிக்கப்பட்ட புகையிலா எரிபொருளைத் தவிர வேறெதையும் எரிக்கக்கூடாது. விறகை எரிக்க வேண்டுமானால், அரசின் சுற்றுச்சூழல் துறையான டெஃப்ராவின் விலக்குப் பட்டியலில் இடம்பெற்ற ஸ்டவ்வில்தான் எரிக்கலாம். அதற்கான சோதனையில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிராம் புகை வெளியேறுகிறது என்று நிறுத்துப் பார்க்கிறார்கள். அடிப்படை வரம்பு 5 கிராம். ஸ்டவ்வின் திறனுக்கேற்பச் சிறிது கூட்டிக்கொள்வார்கள். முழு வேகத்தில் எரியும்போது மட்டுமல்லாமல், தணித்து எரியும்போதும் அந்த வரம்புக்குள் நிற்க வேண்டும். ஈகோடிசைனில் தேறிய ஸ்டவ் இதிலும் தேறியிருக்கும் என்று நாமாக முடிவுகட்ட முடியாது.

நான் வாங்கிய ஸ்டவ் ஈகோடிசைன் முத்திரை பெற்றதுதான். பொருத்திய இரண்டாம் மாதம் பக்கத்து வீட்டார் முறையிட, கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. பட்டியலை அப்போதுதான் முதன்முறையாகத் திறந்து பார்த்தேன். அதே தயாரிப்பாளரின், அதே பெயர் கொண்ட ஸ்டவ் அதில் இருந்தது. ஆனால் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துகள் கூடுதலாக இருந்தன. அந்த இரண்டு எழுத்துகள் குறிப்பது மிகச் சிறிய ஒரு பாகத்தை. காற்றுக் கைப்பிடியை எவ்வளவு தள்ளினாலும் காற்று நுழையும் வாய் முழுவதும் மூடிவிடாதபடி உள்ளே தடுத்து நிறுத்தும், சுண்டுவிரல் நுனியளவுத் திருகு அது. அந்த இடைவெளி வழியாகக் காற்று சிறிதளவு எப்போதும் சென்றுகொண்டிருப்பதால் நெருப்பு மூச்சுத்திணறிப் புகைவதில்லை. கடை திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டதால், பாதி விலைக்கு விற்றுவிட்டு வேறொன்று வாங்கினேன்.

ஆகவே கடைக்காரரின் வாய்மொழியை விட்டுவிட்டு, மாதிரியின் முழுப் பெயரையும் எழுத்துக்கு எழுத்து டெஃப்ரா பட்டியலில் ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கிலாந்தில் புகைபோக்கியிலிருந்து புகை வந்தால் கவுன்சில் 175 முதல் 300 பவுண்டு வரை தண்டம் விதிக்கலாம். விலக்குப் பெறாத அடுப்பில் எரிப்பதற்காக அனுமதியில்லாத எரிபொருளை வாங்கினால் 1,000 பவுண்டு வரை போகும். வேல்ஸ், ஸ்காட்லாந்து நண்பர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தைத் தனியே பார்க்க வேண்டும்.

தேறியவற்றுள்ளும் நல்லதைத் தேர்ந்தெடுக்க 'கிளியர்ஸ்கைஸ்' என்ற தரவரிசை உதவும். அதில் ஐந்தாம் நிலைதான் மிகக் கடுமையானது. 2023இல் அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் மேம்பாட்டுத் திட்டம், கட்டுப்பாட்டுப் பகுதிகளில் புதிய ஸ்டவ்களுக்கான வரம்பை 5 கிராமிலிருந்து 3 கிராமாகக் குறைக்கப்போவதாகச் சொன்னது. எனவே சோதனையில் 3 கிராமுக்கும் கீழே வந்த மாதிரியைக் கேட்டு வாங்குவதே நல்லது.

ஹாரோ, ஸ்டவ் பொருத்துநர்

தம்பிக்கு வணக்கம். நான், ஸ்டவ் பொருத்துநர்களைப் பதிவுசெய்யும் ஹெட்டாஸ் அமைப்பில் பதிவு பெற்ற பொருத்துநர். சொந்த ஊர் யாழ்ப்பாணம், பதினாறு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். லெஸ்டர் நண்பர் எழுதியதில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. 8 கிலோவாட் என்ற அந்தப் பேச்சுக்குத்தான் நான் மறுமொழி சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நான் கழற்றிப் போடும் ஸ்டவ்களில் பாதி, அளவு மிஞ்சிய காரணத்தாலேயே பாழாய்ப்போனவை.

உங்கள் அறையின் கன அளவு ஏறத்தாழ 43 கனமீட்டர். எங்கள் தொழிலில் அதை 14ஆல் வகுப்பது வழக்கம். 3 கிலோவாட்டுக்குச் சற்று மேலே வருகிறது. பழைய சுவர், மரத்தரை என்பதற்காகக் கொஞ்சம் கூட்டினாலும் 4 கிலோவாட் தாராளமாகப் போதும். 8 கிலோவாட்டை அங்கே வைத்தால் அரை மணி நேரத்தில் அறையில் உட்கார முடியாது. உடனே என்ன செய்வீர்கள்? காற்றைக் குறைப்பீர்கள். அங்கேதான் கேடு தொடங்குகிறது.

விறகு நேரடியாக எரிவதில்லை. சூடு ஏற ஏற அதிலிருந்து வளிகள் பிரிகின்றன. அந்த வளிகளுக்கு நல்ல வெப்பமும் மேலிருந்து இரண்டாம் நிலைக் காற்றும் கிடைத்தால் அவை தீயாகின்றன, கிடைக்காவிட்டால் அப்படியே புகையாகின்றன. நல்ல ஸ்டவ்வின் உட்புறத்தில் சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும் வெளிர்நிற வெர்மிகுலைட் பலகைகள் பதித்திருப்பதும், பின்சுவரில் வரிசையாகச் சிறு துளைகள் இருப்பதும் இதற்காகத்தான். காற்றை அடைத்துத் தணித்து எரித்தால் வெப்பம் வீழ்கிறது, எரியாத வளி புகைபோக்கிக்குள் ஏறிக் குளிர்ந்து தாராகப் படிகிறது, கண்ணாடி ஒரே இரவில் கறுக்கிறது. அந்தத் தார்தான் பிறகு ஒரு நாள் புகைபோக்கிக்குள்ளேயே தீப்பிடிக்கிறது. சிறிய ஸ்டவ்வை நன்றாகக் கொழுந்துவிட்டு எரிய விடுவது, பெரிய ஸ்டவ்வைப் புகைய விடுவதைவிட எல்லா வகையிலும் மேல்.

காற்றைப் பற்றி ஒரு கணக்கு. பழைய வீட்டில் 5 கிலோவாட் வரையுள்ள ஸ்டவ்வுக்குத் தனியாகக் காற்றுத்துளை கட்டாயமில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர் திறப்பு வேண்டும். அந்தக் கடைக்காரரின் 8 கிலோவாட்டை வாங்கியிருந்தால், எப்போதும் மூடாமல் கிடக்கும் 1,650 சதுர மில்லிமீட்டர் ஓட்டையைச் சுவரில் போட்டு, குளிர்காற்றை நீங்களே வரவழைத்திருப்பீர்கள். காற்று புகாதபடி கட்டப்பட்ட புதிய வீடுகளில் இருப்பவர்களுக்கு முதல் கிலோவாட்டிலிருந்தே அந்தக் கணக்கு பொருந்தும்.

நம்மவர் வீடுகளில் நான் தவறாமல் பார்க்கும் இடம் ஒன்று உண்டு: சமையலறை. மீன் பொரிக்கவும் தாளிக்கவும் பலமான புகை உறிஞ்சி மின்விசிறி வைத்திருப்பார்கள். அதை முழு வேகத்தில் ஓடவிட்டால், வீட்டுக் காற்றை வெளியே தள்ளும் அந்த விசிறி, ஸ்டவ்வின் புகையைப் புகைபோக்கியிலிருந்து முன்னறைக்குள் இழுத்துவிடும். அதனால் பொருத்துநர் புகைச் சோதனை செய்யும்போது கதவு சாளரங்களை அடைத்து, விசிறியையும் ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் சான்றிதழ் எழுதுபவரிடம் கையெழுத்து வாங்காதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய செங்கல் புகைபோக்கிக்குள் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்குவது நல்லது. விறகு மட்டும் எரிப்பதானால் 316 தரம் போதும், புகையிலா எரிபொருளும் எரிக்கும் எண்ணம் இருந்தால் 904 தரம் கேளுங்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எரிக்க வேண்டாம், விறகின் ஈரமும் புகையிலா எரிபொருளின் கந்தகமும் சேர்ந்து குழாயை அரித்துவிடும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி சட்டப்படி கட்டாயம்; கூரையில் வைப்பதானால் சுவரிலிருந்து 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல் தள்ளியும், ஸ்டவ்விலிருந்து 1 முதல் 3 மீட்டர் தொலைவுக்குள்ளும் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது புகைபோக்கியைத் துப்புரவு செய்பவரை அழைக்க வேண்டும். விறகு மட்டுமே எரிக்கப் போகிறவர்கள் சாம்பலை முழுக்க வாரிவிடாமல் இரண்டு விரல் கனத்துக்கு விட்டுவைப்பது நல்லது, தணல் அதன்மேல் நன்றாகப் பிடிக்கும்.

மில்டன் கீன்ஸ், இல்லத்தரசி

ஸ்டவ்வைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டீர்கள். விறகைப் பற்றி நான் எழுதுகிறேன். ஏனென்றால் எவ்வளவு நல்ல ஸ்டவ்வாக இருந்தாலும் ஈரவிறகைப் போட்டால் அது புகைக்கூடுதான்.

ஈரவிறகு எப்படி எரியும் என்று நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. விறகடுப்பில் சமைத்த வீட்டில் வளர்ந்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்போம்: நெருப்புக்குள் ஒரு முனை எரிந்துகொண்டிருக்க, வெளியே நீட்டியிருக்கும் மறுமுனையின் வெட்டுவாயில் நுரை கொப்பளித்துச் சொட்டும், உஸ்ஸென்று ஓசை வரும், அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதுகுழலைத் தேடுவார். கண்ணாடிக் கதவுக்குள் நடப்பதும் அதேதான். புகை நம் கண்ணில் படாமல் மேலே ஏறி அடுத்த வீட்டுச் சாளரத்துக்குப் போகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. வெட்டிய புதிதில் விறகின் எடையில் பாதியளவுகூடத் தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூடு செலவாகும்போது வளி எரிவதற்கு வேண்டிய வெப்பம் எங்கிருந்து வரும்?

இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து, 2 கனமீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது சட்டம். மூட்டையில் 'ரெடி டு பர்ன்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இருந்தாலும் நான் சோதிக்காமல் விடுவதில்லை. இருபது பவுண்டுக்குள் ஈரப்பதமானி கிடைக்கிறது. விறகின் வெளிப்பரப்பில் அதைக் குத்திப் பார்ப்பதில் பயனில்லை, வெளிப்புறம் எப்போதும் காய்ந்தே காட்டும். கட்டையைக் கோடரியால் இரண்டாகப் பிளந்து, புதிதாகத் திறந்த உட்பக்கத்தின் நடுவில் குத்த வேண்டும். சென்ற நவம்பரில் வாங்கிய மூட்டையில் வெளியே 16 காட்டிய ஓக் கட்டை ஒன்று, பிளந்ததும் 27 காட்டியது. அந்த மூட்டை இப்போதும் என் கொட்டகையில் காய்ந்துகொண்டிருக்கிறது.

செலவுக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். நன்கு காய்ந்த விறகின் ஒரு கிலோவில் ஏறத்தாழ 4 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. 80 விழுக்காடு திறனுள்ள 4 கிலோவாட் ஸ்டவ்வுக்கு மணிக்கு ஒன்றேகால் கிலோ வேண்டும். மூட்டை விலையிலிருந்து ஒரு கிலோவின் விலையைக் கண்டுபிடித்து, அதை இதனுடன் பெருக்கிப் பாருங்கள். சிறு மூட்டைகளாக வாங்கி எரிப்பவருக்கு எரிவாயுவைவிட மலிவாக வருவது அரிது. என் வீட்டில் அது கட்டுப்படியாவதற்குக் காரணம், மரம் வெட்டும் தொழிலாளி ஒருவரிடம் பச்சை விறகாக மொத்தமாக வாங்கி, கூரை போட்ட திறந்த கொட்டகையில் இரண்டு கோடை காய விடுவதற்கு எனக்கு இடம் இருப்பதுதான். வரிசை வீட்டில் உங்களுக்கு அந்த இடம் இருக்கிறதா? பழைய கதவு, வேலிப்பலகை, பாலெட் எனப்படும் சரக்கு அடுக்கும் மரத்தட்டு போன்றவற்றைப் போடலாம் என்ற எண்ணம் வேண்டாம். சாயம் பூசிய பலகையிலும் பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய பலகையிலும் ஈயமும் ஆர்செனிக்கும் இருக்கக்கூடும்.

லூயிஷம், செவிலியர்

சகோதரருக்கு வணக்கம். இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் எந்த ஸ்டவ்வை வாங்கலாம் என்று சொன்னார்கள். நான் மருத்துவமனையில் நுரையீரல் பிரிவில் பணிபுரிகிறவள். உங்கள் பதிவின் கடைசிப் பத்தியைப் படித்ததும் என் மனம் அங்கேயே நின்றுவிட்டது. ஆகவே வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியை முன்வைக்கிறேன்.

1952 டிசம்பரில் ஐந்து நாள் லண்டனை மூடிய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்ததற்குப் பிறகுதான் அந்தத் தூய காற்றுச் சட்டமே பிறந்தது. அன்றைய புகை கண்ணுக்குத் தெரிந்தது. இன்று எங்களை அச்சுறுத்துவது கண்ணுக்குத் தெரியாத பி.எம். 2.5 என்னும் நுண்துகள்; நுரையீரலின் அடியாழம் வரை செல்லக்கூடியது. பிரிட்டனில் நேரடியாக வெளியாகும் அந்தத் துகளில் கணிசமான பங்கு வீடுகளில் எரிக்கும் விறகிலிருந்து வருகிறது. இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அலுவலர் கிறிஸ் விட்டியின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, ஈகோடிசைன் ஸ்டவ்கூட எரிவாயுச் சூடாக்கியைவிடப் பல நூறு மடங்கு நுண்துகளை விடுவதாகக் காட்டியது. அங்கே கொடுக்கப்பட்ட எண் 450. அனுமதி பெற்ற ஸ்டவ் என்றால் பழையதைவிட மேலானது என்று பொருள், அவ்வளவே. தீங்கற்றது என்று பொருள் இல்லை.

உங்கள் வீட்டுக்கு மிக நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விலக்குச் சான்று பெற்ற ஸ்டவ்கள் உள்ள வீடுகளில் அறைக்காற்றை அளந்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விறகு போடுவதற்காகக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நுண்துகள் அறைக்குள் பாய்ந்து உச்சத்துக்குப் போனது. புகைபோக்கி வழியாக வெளியேறுவதை மட்டுமே சட்டம் அளக்கிறது. கதவு வழியாக உங்கள் மகன் விளையாடும் கம்பளத்தின் மேல் இறங்குவதை எந்த முத்திரையும் சொல்வதில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை எங்கள் பிரிவுக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் வீட்டில் விறகு எரிக்கிறீர்களா என்று நான் கேட்பது வழக்கம். அரசு அனுமதித்த ஸ்டவ்தானே என்று அவர்கள் வியப்போடு சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்கள்மேல் குற்றமில்லை, அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நீல இன்ஹேலர் வாரத்துக்கு எத்தனை முறை தேவைப்படுகிறது என்று குறித்துக்கொண்டு, மகனின் ஆஸ்துமா செவிலியரிடம் முதலில் பேசுங்கள். அவர் பதில் சொல்லும் வரை முன்பணம் கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கிராய்டன்வாசி

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு நானும் மனைவியும் உட்கார்ந்து முழுவதையும் இரண்டு முறை படித்தோம். இன்ஹேலர் கணக்கைக் கேட்டபோது, வாரம் இரண்டு முறை என்று நான் நினைத்திருந்தேன். நான்கு முறை ஆகிறது என்றாள் மனைவி. அதற்குமேல் எங்களுக்குள் பேச்சில்லை.

இந்தக் குளிர்காலத்தில் ஸ்டவ் வாங்குவதில்லை என்று முடிவுசெய்திருக்கிறோம். மகனுக்கு அடுத்த மாதம் பரிசோதனை இருக்கிறது, அங்கே கேட்டுக்கொள்வோம். ஒதுக்கிய பணத்தில் மரத்தரைக்கு அடியில் வெப்பக்காப்பு போடலாம் என்று எண்ணுகிறோம். விறகு அடுக்கி வைக்க எங்களுக்குக் கொட்டகையும் இல்லை, கொல்லைப்புறம் ஆறு அடிதான்.

ஹாரோ அண்ணனிடம் இன்னும் ஒரு கேள்வி. அந்தத் திறந்த கணப்பு வழியாக அறையின் சூடெல்லாம் மேலே போய்விடுகிறது, காற்றடிக்கும் நாளில் கரித்தூளும் விழுகிறது. அதைச் செங்கல் வைத்து ஒரேயடியாக அடைத்துவிடலாமா?

ஹாரோ, ஸ்டவ் பொருத்துநர்

நல்ல முடிவு, தம்பி. ஒரேயடியாக அடைத்துவிட வேண்டாம். காற்றோட்டமில்லாத புகைபோக்கிக்குள் மழையீரம் தங்கிச் சுவரில் பழுப்புக் கறையாக இறங்கும். முதலில் ஒரு முறை துப்புரவு செய்யுங்கள், கரி விழுவது நிற்கும். பிறகு புகைபோக்கிக்குள் வைத்து ஊதும் பலூனோ, ஆட்டுமயிர்க் கம்பளியால் செய்த அடைப்போ வாங்குங்கள். சிறிதளவு காற்றுப் போக வழிவிட்டு, பெரும்பகுதிச் சூட்டை அவை தடுத்துவிடும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். கூரையில் மழை நுழையாமல் காற்று மட்டும் போகும் மூடி இருக்கிறதா என்று துப்புரவுக்காரரையே பார்க்கச் சொல்லுங்கள். அடைப்பு உள்ளே இருப்பதை மறந்து வீட்டுக்கு வந்தவர் யாரும் தீ மூட்டிவிடாதபடி, கணப்பின் வாயில் ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள்.